பின்சீட்டில் ரேடியோ

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் குழிக்குள் நாளெல்லாம் குனிந்து நின்றால் முதுகு வேறென்ன செய்யும், பாவம். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "தண்ணி வரலைங்க" என்று கத்துகிறவர்களிடம் "பதிவு பண்ணிட்டேங்க" என்று நாளுக்கு நூறு தடவை சொல்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கோபிக்காதே. வீட்டு போன் நம்பர் ஒன்றுதான் உன் மாமாவுக்கு மனப்பாடம். கெட்டுப்போன என் செல்லுக்குப் பதில் நான் வேறு வாங்கவும் இல்லை. எந்தக் கரையில் ஏறி, யாருடைய போனை இரவல் வாங்கிக் கூப்பிடுவாரோ, அந்த நேரம் பார்த்து நீயும் நானும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கக் கூடாது. அந்த போன் அவருக்கு. உனக்குத் தபால்.

கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. பிப்ரவரி நான்காம் தேதி கடலில் கேபிள் இறக்கும்போது தவறி விழுந்த எலக்ட்ரீஷியன், மூன்று நாள் தேடியும் கிடைக்காததால், இறந்துவிட்டதாக மனைவி ஒப்புக்கொள்கிறாள் என்று எழுதி, கீழே எனக்கு ஒரு புள்ளிக்கோடு. கையெழுத்துப் போட்டால் அவருடைய பெட்டியை அனுப்புவார்களாம். லேப்டாப், அந்த விளையாட்டுக் கைப்பிடி, சட்டைகள். ஆளைக் காட்ட முடியாமல் சட்டையைக் காட்டி என்னைச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார்கள். போட மாட்டேன்.

இன்னொன்று. வீட்டு கம்ப்யூட்டரில் உங்கள் கிளப்பின் பலகையைத் திறந்து பார்த்தேன். வளர்ந்த ஆண்பிள்ளைகள் இருபது பேர், நூறு வருஷத்துக்கு முந்தைய இரட்டை இறக்கை விமானங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு, அதற்கு ரிப்போர்ட் வேறு எழுதுகிற கிளப்! அதில் உன் மாமாவின் பெயருக்கு எதிரே "71 பறப்பு, உயிருடன்" என்று இருக்கிறது. கடைசியாகப் பறந்தது பிப்ரவரி 2, கப்பலிலிருந்து. பின்சீட்டு ஆளின் பெயர் "ரேடியோ". அது நான்தான். ஓயாமல் பேசுகிறேன் என்று எனக்கு வைத்த பட்டப்பெயரை யுத்தத்துக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

ஆனால் பக்கத்தில் சிவப்பில் ஓர் எண் இருக்கிறதே, அது என்ன? நேற்று 13. இன்று 12. பூஜ்யமானால் என்ன ஆகும்?

உடனே பதில் எழுது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன் அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். முதுகு பரவாயில்லை. ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட் நான்காவது மாடிக்கு மட்டும் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது, அதோடு ஒரு வாரமாக மல்லுக்கட்டுகிறேன். நீ ஒழுங்காகத் தூங்கு. சாப்பிடுகிறேன் என்று எழுதியதை நான் நம்பவில்லை.

அந்தச் சிவப்பு எண்ணைப் பார்க்காதே. கிளப்பில் இரண்டு சட்டம். விளையாட்டில் உன் பைலட் செத்தால் செத்ததுதான், பழைய பதிவைத் திறந்து உயிர் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, முப்பது நாள் பறக்காத பைலட்டின் பெயர் முதல் பக்கத்திலிருந்து "காணவில்லை" என்ற பக்கத்துக்குப் போய்விடும். அங்கே போன பெயர் திரும்பி வராது. இந்தச் சட்டத்தைப் போட்டவரே மாமாதான். "யுத்தம்னா யுத்தம் மாதிரி இருக்கணும் மச்சான்" என்பார். நான் இதுவரை எட்டு பைலட்டைக் கொன்றுவிட்டு ஒன்பதாவதை ஓட்டுகிறேன். அவர் மட்டும் ஒரே உயிரில் எழுபத்தொன்று. சண்டை விமானம் வேண்டாம் என்று, மெதுவாகப் போய்ப் படம் பிடித்து வருகிற இரண்டு சீட்டு விமானத்தை எடுத்தார். முன்னால் அவர். பின்னால், வால் பக்கம் பார்த்துத் துப்பாக்கியோடு காவலுக்கு ஒரு ஆள்.

பதிவேடு பார்க்கிறவரிடம் கேட்டுப் பார்த்தேன். "சட்டம் போட்டவருக்கே விலக்கா? அவரே ஒத்துக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டார். மனசு கேட்கவில்லை.

தாளைப் பற்றி நிதானமாக யோசி.

உன் தம்பி


மார்ச் 5

தம்பி,

நலமா, முதுகு நலமா, எல்லாம் நலமாகத்தான் இருக்கும், இன்றைக்கு எல்லோரும் நலம்!

பறந்துவிட்டார். மார்ச் 3, மாலை ஆறு மணி, நாற்பத்திரண்டு நிமிஷம். பலகையில் 72 என்று இருக்கிறது. சிவப்பு எண் மறுபடி முப்பதாகிவிட்டது. பாஸ்வேர்டு தெரிந்தவர் அவர்தானே? எங்கேயோ கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் இருக்கிறார். வீட்டுக்குக் கூப்பிட என்ன தடையோ, அதை வந்ததும் கேட்டுக்கொள்கிறேன், விட மாட்டேன்.

கம்பெனித் தாளைக் கிழித்துவிட்டேன். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, அவர் சாவி பெட்டியோடு போயிருக்குமே. எதிர்வீட்டு டைலர் அக்கா "இப்படித் திறந்து போட்டா எவனாவது நுழைஞ்சிடுவான்" என்கிறாள். நுழைய வேண்டியவர் நுழையட்டும்.

யாரிடமும் சொல்லாதே. கண் பட்டுவிடும்.

உன் அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். கையில் ஒரு கேபிள் கிழித்துவிட்டது, பெரிய காயமில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் சரியாகிவிட்டது.

நீ எழுதியதைப் படித்தேன். கம்ப்யூட்டர் விஷயத்தில் எதையும் அப்படியே நம்பிவிட முடியாது அக்கா. தாளை ஏன் கிழித்தாய்? கதவுக்குத் தாழ்ப்பாள் போடு. இதை மட்டுமாவது கேள்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

காயத்துக்கு ஊசி போட்டாயா? துருப்பிடித்த கேபிளாக இருந்தால் அலட்சியம் பண்ணாதே. உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று கவலையாகிவிட்டது.

இருபதாம் தேதி மறுபடி பறந்தார். 73. இப்போது நான் ஒரு புது வித்தை கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு பறப்பும் சினிமா போலப் பதிவாகியிருக்கிறதே, அதைப் போட்டுப் பார்க்கத் தெரிந்துவிட்டது. அவருடைய பழைய பறப்புகளில் நாற்பதுக்கு மேல் பார்த்து முடித்தாயிற்று.

உன் மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீ கவனித்திருக்கிறாயா? திரும்பி வரும்போது, மைதானத்துக்கு முன்னால் ஒரு கால்வாய் வரும், அதைத் தாண்டியதும் எஞ்சினை நிறுத்திவிடுவார். அப்புறம் காற்றிலேயே சறுக்கிக்கொண்டு வந்து இறங்குவார். நான் எப்போதும் அவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பேன், முதுகுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு ஆபீசில் திட்டியவர்களை எல்லாம் ஒப்பித்துக்கொண்டு. ஒருநாள் "எதுக்கு நிறுத்துறீங்க, விழுந்திட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "ரேடியோ என்ன சொல்லுதுன்னு கேக்க வேணாமா?" என்றார். பதிவில் அந்த இடம் வரும்போது கம்பிகளில் காற்று சீறுவது மட்டும் கேட்கும். நான் எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுவிடுவேன்.

புதிதாகப் பறந்த இரண்டிலும் எஞ்சினை நிறுத்தவில்லை. கடைசிவரை ஓட்டிக்கொண்டே வந்து, தொப்பென்று இறக்கினார். தலையில் அடிபட்டு எல்லாம் மறந்துவிட்டதோ?

இன்னொன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்சீட்டு ஆள் எப்போதும் வாலைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கும்? நான் பார்த்த நாற்பது பதிவிலும் அப்படித்தான். இந்த இரண்டில் மட்டும் அது திரும்பியிருக்கிறது. கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை, முன்னால் ஓட்டுகிறவரின் பிடரியையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் யாரோ தெரியாத ஆள் நம் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நாம் பார்ப்போமே, அப்படி.

எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்கு இந்த விளையாட்டு தெரியும். இது எதனால் என்று எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 14

தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பன்னிரண்டாம் தேதி 74. இந்த முறை எஞ்சினை நிறுத்தினார். ஆனால் கால்வாய்க்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, உயரம் போதாமல், அவசரமாக மறுபடி போட்டார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் மாதிரி.

நான் உனக்கு எழுதி, கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு அந்தப் பழக்கம் ஞாபகம் வந்திருக்கிறது. எட்டு மணி நேரம் புகார் கேட்கிறவள் நான். யார் உண்மை சொல்கிறார்கள், யார் மறைக்கிறார்கள் என்று மூச்சு விடுவதிலேயே தெரியும். கடிதத்தில் மூச்சு தெரிவதில்லை, அதனால்தான் இவ்வளவு நாளாயிற்று.

பின்சீட்டு இன்னும் திரும்பித்தான் இருக்கிறது. இந்த முறை இரண்டு கையும் துப்பாக்கியை விட்டுவிட்டன. முன்சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான். பறந்தது யார்?

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான்.

மூன்று முறையும் நான்தான். மாமா எனக்கு இந்த விளையாட்டைப் பழக்கியபோதே தன் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தார். மார்ச் மூன்றாம் தேதி சிவப்பு எண் 1 என்று காட்டியது. மறுநாள் அவர் பெயருக்கு எதிரே "காணவில்லை" என்று வரும். அதைத் தாங்க முடியவில்லை அக்கா. ஒரு விளையாட்டுப் பலகையில்கூட அந்த வார்த்தை அவர் மேல் விழக் கூடாது என்று தோன்றியது. ஒரே ஒரு தடவை பறந்து எண்ணை முப்பதாக்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். நீ தினமும் பார்க்கிறாய் என்பதை என் மரமண்டை யோசிக்கவில்லை.

அப்புறம் உன் கடிதம் வந்தது. உண்மையை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. எழுந்துபோய்ப் பறந்தேன். அடுத்த கடிதத்துக்கும் அப்படியே. நான் பதில் எழுதாத நாள்களில் எல்லாம் என்ன செய்தேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் மறைத்தேன். கப்பலின் மேற்பார்வையாளர் பிப்ரவரியிலேயே என்னிடம் போனில் பேசினார். அந்தத் தண்ணீரின் குளிருக்கு எந்த மனுஷனும் இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்க மாட்டானாம். "தேடுனது எங்க திருப்திக்குதான் சார்" என்றார். மாமா வர மாட்டார் அக்கா. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லாமல்தான் ஊருக்கு ஓடி வந்தேன்.

பின்சீட்டைப் பற்றிக் கேட்டாய். அது ஒரு பொம்மை. விமானத்தோடு சேர்த்துச் செய்தது. ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது. வாலைப் பார்த்தபடிதான் வைத்திருக்கிறார்கள், முன்பக்கம் திரும்ப அதற்கு வழியே கிடையாது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு, என் பறப்புகளைப் போட்டுப் பார்த்தேன்.

நீ சொன்னது நிஜம். நானும் பார்த்தேன். இனி அந்த விமானத்தைத் தொட மாட்டேன்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எதையாவது எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? என் மேல் கோபமாக இருப்பதுதான் நியாயம். உன் மூன்று வார்த்தைக் கடிதத்தைப் பர்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன். முதுகு, கை எல்லாம் சரியாகிவிட்டது. கேட்க ஆளில்லாததால் நானே சொல்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதியோடு முப்பது நாள் முடிந்தது. அவர் பெயர் போய்விடும், போகட்டும், அழுது தீர்த்துவிடலாம் என்று சாயங்காலம் பலகையைத் திறந்தேன். 75 என்று இருந்தது. அன்று காலை பத்தேகாலுக்குப் பறந்திருக்கிறது.

நான் இல்லை. திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு நான் ஒரு பல்பொருள் கடையின் லிஃப்ட் குழிக்குள், தலைக்கு மேலே இன்னொரு மெக்கானிக் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க, இடுப்பளவு கிரீஸில் இருந்தேன். அவனைக் கேட்டுக்கொள். பதிவை நான் திறக்கவில்லை. திறக்க மாட்டேன்.

நீயா அக்கா? பாஸ்வேர்டு நான் உனக்குச் சொல்லவில்லை, ஆனால் நீ கண்டுபிடித்திருக்கலாம். நீதான் என்று ஒரு வரி எழுது. எனக்குத் தூக்கம் வரும்.

உன் தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமாக இருக்கிறேன். இந்த முறை நீ நம்பலாம். கிரீஸிலிருந்து வந்ததும் நன்றாகக் குளித்தாயா? தோலுக்கு ஆகாது.

நான் இல்லை. பத்தேகாலுக்கு ஹெட்போனில் இருந்தேன். நான் பேசுவதெல்லாம் அங்கே பதிவாகும், பத்தரை மணிவரை ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் என்னைக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. கைப்பிடி கம்பெனிக் கிடங்கில் சீல் வைத்த பெட்டிக்குள் கிடக்கிறது. நானும் நீதான் என்று நினைத்து, திட்டித் தீர்க்கலாம் என்றுதான் பதிவைப் போட்டேன்.

பதிவைத் திறக்காதே என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் வேண்டாம், நான் பார்த்ததைச் சொல்கிறேன், போதும்.

கிளம்பியதிலிருந்தே பின்சீட்டு வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. முன்னால் இருப்பது யார் என்று தெரிந்திருந்ததால் நிம்மதியாக முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது கால்வாய் வந்தது. தாண்டியது. எஞ்சின் நின்றது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அந்த இடத்தில்.

காற்றுச் சத்தம் மட்டும்தான் இருந்தது தம்பி. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எனக்கே தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டேன். வாத்தியாரைப் பற்றி, கதவைப் பற்றி, உன்னைப் பற்றி. நீ செய்ததையும் சொன்னேன். அவர் இறங்கும்வரை பேசினேன்.

மைதானத்தில் இறங்கி நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். மறுபடி எஞ்சின் ஓடத் தொடங்கியது, விமானம் கிளம்பியது. கிளம்பும்போது பின்சீட்டில் யாரும் இல்லை. அந்தப் பொம்மைக்கு இறங்கத் தெரியாது என்று நீ எழுதியிருந்தாய். இறங்கிவிட்டது.

அவர் தனியாகக் கடல் பக்கம் போனார். கரை மறைந்த பிறகும் அரைமணி நேரம் போய்க்கொண்டே இருந்தார். விழவில்லை. பதிவு அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மறுநாள் பலகையைப் பார்த்தேன். அவர் பெயர் அந்த இன்னொரு பக்கத்துக்குப் போய்விட்டது. "பைலட்: காணவில்லை." அதற்குக் கீழே இன்னொரு வரி. "பின்சீட்டு, ரேடியோ: இறக்கிவிடப்பட்டார். பத்திரம்."

ரொம்ப நேரம் அழுதேன். பிறகு கம்பெனிக்கு எழுதி வேறொரு தாள் வாங்கி, நேற்று அந்தப் புள்ளிக்கோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பெட்டி வரட்டும், சட்டைகளைத் துவைக்க வேண்டும். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. டைலர் அக்காவுக்குத்தான் முதல் சந்தோஷம்.

உன் மேல் கோபம் இருக்கிறது, போய்விடும். நேரில் வரும்போது காதைத் திருகுகிறேன், அத்தோடு தீர்ந்தது.

இனிமேல் தபாலுக்கு அலையாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு போனுக்குக் கூப்பிடு. எடுக்கிறேன். அந்த லைனை இப்போது யாருக்காகவும் ஒதுக்கி வைக்கவில்லை.

உன் அக்கா